மொட்டை மாடியில் ஒரு சேலைச் சுவர்

எங்கள் கட்டட வேலைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், "ஏழுமலை அண்ணா மேடைக்கு வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு வருடமும் மைக்கில் கூப்பிடுவார்கள். நான் ஒவ்வொரு வருடமும் பந்தி பரிமாறப் போய்விடுவேன். கையில் சாம்பார் வாளி இருந்தால் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். இந்த வருடம் செயலாளர் விடவில்லை. "பேச வேணாம்ணா, எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போட்டுடறோம்" என்றார். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்திவிட்டாள். சொல்கிற விஷயம் என்னுடையது.

முழங்கால் தேய்ந்து, ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நான் வேலையை விட்டேன். ஆனால் தெருவில் போகும்போது எந்த வீட்டில் செங்கல் இறங்கினாலும் நின்றுவிடுவேன். புதிதாக ஓர் அறை எழும்பப் போகிறது என்றால் இன்றைக்கும் எனக்குத் திருவிழாதான். அதுவும் புது வீட்டைவிட, இருக்கிற வீட்டை இழுத்துக் கட்டுகிற வேலை என்றால் கூடுதல் குஷி. புது வீட்டுக்குக் காலி மனை இருக்கும், இஷ்டத்துக்குக் கட்டலாம். பழைய வீட்டுக்குள்ளே ஆட்கள் இருப்பார்கள், அடுப்பு எரியும், பீரோ நகராது. அதற்குள் புகுந்து ஓர் அறையைப் பிறப்பிக்க வேண்டும்.

இப்போது வீட்டுக்காரர்கள் கொத்தனாரைப் பார்த்ததும் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். "இது மாதிரி மேல ஒரு ரூம்." நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீடே இருக்காது. நம் ஊர்த் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடுகள் நிற்கின்றன. போட்ட காசுக்கு வீடு சரியாக அமைவதும் அமையாமல் போவதும் பாதி அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இளம் கொத்தனார்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

மண் சுமந்தேன், செங்கல் நனைத்தேன், கலவை போட்டேன், பிறகு கரண்டி பிடித்தேன். எல்லோருக்கும் நடப்பதுதான். என் நல்ல காலம், கலியமூர்த்தி மேஸ்திரியின் செட்டில் சேர்ந்தது. என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். நான் பேசாமல் விட்ட எல்லாவற்றையும் சேர்த்து அவரே பேசுவார். எனக்கு வைத்த பெயர் ஊமைச்சாமி. "ஊமைச்சாமி, நூலு புடி. ஊமைச்சாமி, டீ சொல்லு. அய்யோ, நீ சொல்ல மாட்ட, நானே சொல்றேன்."

அவர் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முதல் நாள் கூலியைப் பற்றிப் பேச மாட்டார். கவிழ்த்த சாந்துச் சட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கார அம்மாவிடம் கேள்வி கேட்பார். காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவீர்கள்? ஈரத் துணி எங்கே காய்கிறது? விருந்தாளி வந்தால் யார் எங்கே படுப்பார்கள்? பிறகு ஒவ்வொரு சுவராகப் போய் விரல் முட்டியால் தட்டுவார். எது கனம் தாங்குகிற சுவர், எது சும்மா மறைப்புக்கு எழுப்பியது என்று பார்ப்பார். தாங்குகிற சுவரில் கரிக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இதுமேல எவன் கைய வெச்சாலும் கைய ஒடச்சுடுவேன்" என்பார். வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல எங்களுக்குச் சொல்வார்.

அடி அண்ணாமலையில் ஒரு வேலை. கன்னியம்மா என்ற அம்மாவின் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. பௌர்ணமிக்கு வருகிறவர்கள் தங்கிப் போகப் பக்கவாட்டில் ஓர் அறை கட்ட வேண்டும். மேஸ்திரி பத்துக்குப் பன்னிரண்டு, ஜன்னல் இங்கே, கதவு அங்கே என்று காற்றில் கையை வீசிக்கொண்டிருந்தார். கன்னியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கோலமாவுக் கிண்ணத்தோடு வந்தார்.

"நீ சொல்றது ஒண்ணும் புரியல மேஸ்திரி. எம்மாம் பெருசுனு தரையில காட்டு."

மேஸ்திரி அளந்து சொல்லச் சொல்ல அந்த அம்மா குனிந்து கோடு இழுத்தார். ஒரே இழுப்பில் நூல் பிடித்ததுபோல நேர்க்கோடு! கதவுக்கு இடம் விட்டார். பிறகு கயிற்றுக் கட்டிலை இழுத்து வந்து கோட்டுக்குள் போட்டு, அதில் படுத்தே விட்டார்.

"இப்ப கதவத் தொறங்க."

அங்கே இல்லாத கதவை நான் திறந்தேன்.

"இடிக்குது பார் என் தலையில! ரூமு கட்டி முடிச்சு, வாடகைக்கு வர்றவன் மண்டை ஒடஞ்சு, அப்பறம் கதவ மாத்துவியா?"

மேஸ்திரிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! எழுந்து நின்று கையைத் தட்டினார். அன்றிலிருந்து எங்கள் பையில் தூக்குக்குண்டு, ரசமட்டத்தோடு ஒரு டப்பாக் கோலமாவும் சேர்ந்தது. எந்த வேலையானாலும் முதலில் தரையில் கோலமாவால் அறையைப் போட்டு, அதற்குள் கட்டில், பீரோ, ஆட்கள் எல்லாம் வைத்துப் பார்த்த பிறகுதான் கடப்பாரை எடுப்போம். வீட்டை விரிவாக்குகிறவர்களின் காசு கட்டும்போது கரைவதைவிட, கட்டியதை இடித்து மாற்றும்போதுதான் அதிகம் கரைகிறது. கோலமாவை அழிக்க விளக்குமாறு போதும்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். எழுதும்போதே கை பரபரக்கிறது.

ஊருக்குள்ளே, மலைக்குக் கிழக்கே ஒரு குறுகிய தெரு. ஜோதி என்ற பெண் வீட்டில் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் பாபு ஆட்டோ ஓட்டினார். கூடத்தில் இரண்டு தையல் மிஷின்கள், துணி வெட்டும் மேஜை, துணி மூட்டைகள். ராத்திரி படுக்க வேண்டுமென்றால் மூட்டைகளை வாசலில் அடுக்க வேண்டும். ஒரு பெரிய பள்ளிக்கூடம் அவளுக்கு ஆர்டர் தரத் தயாராக இருந்தது. ஆனால் துணி வைக்க, தைக்க, காய்ந்த தனி இடம் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்றார்கள். மொட்டை மாடியில் ஓர் அறை எழுந்தால் ஆர்டர் அவளுக்கு. எழாவிட்டால் வேறு யாருக்கோ.

மேஸ்திரி போட்ட திட்டப்படி அறையின் கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டு எல்லையிலேயே எழும்ப வேண்டும். மேற்கே மாடிப்படி இருந்ததால் கிழக்கே எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு இடம். அங்கேதான் சிக்கல். எல்லையில் நிற்கும் சுவருக்கு வெளிப்பூச்சு பூச வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மாடியில் நின்றுதான் பூச முடியும். அந்த வீட்டுத் தனம் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

"என் மாடியில ஒருத்தன் கால் வெக்கக் கூடாது."

தனம் அம்மா தனியாக இருந்தவர்கள். மாடியில் வடகமும் அப்பளமும் காயவைத்துக் கடைகளுக்குப் போடுவார்கள். முன்பு ஜோதி வீட்டுக் கைப்பிடிச் சுவர் பூசும்போது சிமெண்டுக் கலவை அவர்களுடைய வடகத்தில் விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"அந்தம்மாவுக்கு இன்னும் வடகக் கோவம்" என்றார் பாபு. "பூசாமயே வுட்டுடலாம் மேஸ்திரி. ஊர்ல எத்தினி வீடு அப்படி நிக்குது. செலவும் கம்மி."

ஊரில் அப்படி நிற்பது உண்மைதான். பஸ்ஸில் வரும்போது பாருங்கள், முன்பக்கம் பளபளவென்று பெயிண்ட், பக்கவாட்டில் பூசாத செங்கல். ஆனால் நமக்கு மழை கிழக்கிலிருந்துதான் அடிக்கிறது. பூசாத கிழக்குச் சுவர் ஐப்பசி மழையைக் குடித்து உள்ளே கக்கும். அந்த அறையில் வெள்ளைச் சட்டைத் துணி மூட்டைகள் இருக்கப் போகின்றன. ஜோதிக்கு அது உடனே புரிந்தது. "துணி கறை புடிச்சா ஆர்டரே போச்சுங்கண்ணா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேஸ்திரி தனம் அம்மாவிடம் இரண்டு முறை போய்ப் பேசினார். இரண்டு முறையும் அவர் பேசப் பேச அந்த அம்மாவின் கோபம் ஜாஸ்தியானது. மூன்றாம் முறை என்னைத் தள்ளிவிட்டார்.

"ஊமைச்சாமி, நீ போ. நான் பேசித்தான் கெட்டுச்சு. நீ பேசாம கெடுத்துட்டு வா, பாக்கலாம்."

போனேன். கதவு திறந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. கும்பிட்டபடி நின்றேன். தனம் அம்மா மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இன்னாப்பா, வாய் இல்லியா? மேஸ்திரி அனுப்பினானா?"

தலையை ஆட்டினேன்.

"சரி, வந்தது வந்துட்ட. அந்த வடகத் தட்ட மேல தூக்கியா. எனக்கு முட்டி வலி."

தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் மாடி ஏறினேன். வடகத்தை வெயிலில் வைத்துவிட்டு நின்றேன். நான் பேசாததால் அவர்கள் பேசினார்கள். மாடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து மேற்கே கையை நீட்டினார்கள்.

"உனக்கு இன்னா தெரியுது?"

பார்த்தேன். ஜோதி வீட்டு மாடிக்கு மேலே, மலை முழுசாக நின்றது. உச்சி ஒரு மறைப்பும் இல்லாமல் தெரிந்தது.

"அவரு போனப்பறம் நான் கூட்டத்துல எங்கியும் போறதில்ல. தீபத்தன்னிக்குப் பகல் பூரா பட்டினி. இதே சேர்ல உக்காந்து, மேல தீபம் தெரிஞ்சதும் இங்க அகல ஏத்துவேன். அப்பறந்தான் சாப்பாடு. போளூர்லருந்து என் தங்கச்சிங்க எல்லாம் இங்கதான் வருவாங்க. நாளைக்கு அங்க சொவரு வந்தா நான் எதப் பாத்து ஏத்தறது? உங்க மேஸ்திரி செவுத்துப் பூச்சப் பத்தியே பேசறான். சொவரே வேணான்றேன்!"

வடகம் இல்லை! எல்லோரும் வடகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாற்காலியையும் உச்சியையும் மாறி மாறிப் பார்த்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அவர்கள் கண் மட்டத்திலிருந்து பார்த்தேன். கிட்டே இருக்கிற சுவர்தான் மலையை மறைக்கும். அதே சுவர் கொஞ்சம் தள்ளி நின்றால்? எவ்வளவு தள்ளி? அது எனக்குத் தெரியவில்லை. கணக்குப் போடவும் தெரியாது. ஆனால் கன்னியம்மாவின் கட்டில் ஞாபகம் வந்தது.

"கட்டிப் பாத்துடலாம்மா" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இன்னாத்த கட்டி?"

"சேலைய."

கீழே வந்து மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொத்தனார் கூலி வாங்கிட்டு மாடியில சேலை காயப்போடப் போறியா?" சிரித்து முடிப்பதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. "டேய், கோலமாவு படுத்துதான் கெடக்கும். உன் சேலை எழுந்து நிக்குமே!"

மறுநாள் காலை பழைய பெயிண்ட் வாளிகளில் மணலை நிரப்பிச் சவுக்குக் கம்புகளை நட்டோம். சுவர் எந்த உயரத்துக்கு வருமோ அந்த உயரத்தில் கயிறு கட்டினோம். ஜோதி தன்னுடைய பழைய சேலைகளைக் கொடுத்தாள். ஒன்று பச்சை, ஒன்று கத்தரிப்பூ நிறம். இரண்டையும் சேர்த்துக் கயிற்றில் போட்டதும், பாருங்கள், மாடியில் ஒரு சுவர் எழுந்துவிட்டது! வாளியைத் தூக்கினால் நகரும் சுவர். அந்தப் பக்கம் தனம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு மிஷினையும் வெட்டு மேஜையையும் மேலே ஏற்றி, அறை வரப்போகும் இடத்தில் வைத்தோம். மேஜை ஏற்றும்போது பாபு திட்டாத சாமி இல்லை.

முதலில் எல்லையிலேயே நிறுத்தினோம்.

"ஒண்ணும் தெரியல!" சேலைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

ஒரு சாண் உள்ளே நகர்த்தினோம்.

"மேகம் தெரியுது. மலையக் காணோம்!"

இன்னும் உள்ளே. "முடி மாதிரி கொஞ்சூண்டு தெரியுது!" இன்னும் உள்ளே. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எதிர் மாடியிலிருந்து ஒருவர், "ஜோதி, சினிமாவா காட்டப் போறீங்க?" என்று கேட்டார். காற்றடித்தால் சுவர் வயிறு புடைத்தது. மேஸ்திரி உற்சாகத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளு, தள்ளு, ஐலசா!" என்று தேர் இழுப்பதுபோலக் கத்தினார்.

கடைசியில் சேலை வெட்டு மேஜையைத் தொட்டது. அதற்கு மேல் நகர்த்தினால் மேஜையைச் சுற்றி ஆள் நடக்க முடியாது. ஜோதி மேஜையோரம் நின்று, கத்தரியை வீசுவதுபோலக் கையை வீசிப் பார்த்தாள். முழங்கை சேலையில் இடித்தது.

"இதுக்கு மேல முடியாதுண்ணா" என்றாள் என்னிடம், மெல்ல.

அந்தப் பக்கம், "இன்னும் உச்சி பூராத் தெரியலயே!" என்றார்கள்.

ஜோதி சேலையை ஓரமாக ஒதுக்கி எட்டிப் பார்த்தாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, எனக்கு இதுக்கு மேல எடமில்லக்கா. கை வீசிக்கூட வெட்ட முடியாது."

தனம் அம்மா அவளையும் மேஜையையும் மிஷின்களையும் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். போகப் போகிறார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் நாற்காலியின் கையைப் பிடித்துத் தரதரவென்று பின்னால் இழுத்தார்கள். தங்கள் மாடிப்படிச் சுவரோரம் வரை கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இப்பத் தெரியுது."

"நெஜமாவாக்கா?"

"உச்சி பூராத் தெரியுது. ஆனா அந்த கத்தரிப்பூக் கலர எடுத்துடு, கண்ண உறுத்துது."

மேஸ்திரி என்னை அலாக்காகத் தூக்கிவிட்டார்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களையே ஆச்சரியப்படுத்தியது. மேஸ்திரி சேலை நின்ற இடத்தில் கோடு போட்டுவிட்டுக் கீழே ஓடினார். கூடத்துக்கும் கிழக்கோரக் குறுகிய நடைக்கும் நடுவே அவர் கரியால் பெருக்கல் குறி போட்டிருந்த சுவர், தாங்குகிற சுவர், ஏறக்குறைய அதன் நேர் கீழே இருந்தது! கோட்டை ஒரு கட்டைவிரல் அளவு நகர்த்தினால் அதன் தலையிலேயே உட்கார்ந்துவிடும். முதல் திட்டத்தில், எல்லையோரக் கீழ்ச்சுவர் கனம் தாங்காது என்பதால், தனியாக ஒரு கம்பிக் கான்கிரீட் பீம் போட வேண்டியிருந்தது. இப்போது அது தேவையில்லை. எல்லைக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க ஒரு சந்து கிடைத்தது. அங்கே நின்றே வெளிப்பூச்சு பூசலாம், யார் மாடியிலும் கால் வைக்க வேண்டாம். எல்லைச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. இந்தச் சுவரில் வைக்கலாம். காலை வெளிச்சம் நேராக மிஷின் ஊசிமேல் விழும். அறை கொஞ்சம் சின்னதானது, உண்மை. ஆனால் செலவும் சின்னதானது, அறை நல்லதானது. இதைத்தான் நான் காசுக்கேற்ற வேலை என்பேன்.

அறை எழுந்தது. மழைக்கு முன்பே பூச்சை முடித்தோம். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஆர்டரும் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த நாளில், பாபு ஆள் வைத்துத் தண்ணீர் டேங்கை மாடிக்கு ஏற்றினார். நேராகப் புது அறையின் தளத்தில், கிழக்கு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உசரமா இருந்தா தண்ணி நல்லா வரும்" என்றார்.

நான் கீழே இருந்து அதைப் பார்த்தேன். கறுப்பு டேங்க், ஓர் ஆள் உயரம். தனம் அம்மாவின் நாற்காலிக்கும் உச்சிக்கும் நடுவில்.

"வேணாம்!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "டேய், ஊமைச்சாமி பேசிட்டான்டா!" என்றார்.

"அங்க வேணாங்க. மாடிப்படி மேல இருக்கிற தளத்துல வைங்க. அது ஒதுங்கி இருக்கு, அவங்களுக்கு மலைய மறைக்காது. அதுக்கு நேர் கீழதான் உங்க பாத்ரூம். பைப்பும் கம்மியா போவும்."

பாபு முறைத்தார். "எங்க வீட்டு டேங்க எங்க வெக்கறதுனு நீ சொல்றியா?"

"சேல கட்டிப் பாத்தப்ப டேங்க் இல்லீங்க" என்றேன். "அவங்க சேரை நகத்தினத நீங்களும்தான் பாத்தீங்க."

ஜோதி நேராக மேலே போய் டேங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பாபு மறுபக்கம் பிடித்தார்.

அந்த வருடம் தீபத்தன்று ஜோதி எங்களை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. ஆனாலும் போனேன், காரணம் பக்தி மட்டும் இல்லை. சேலைக்குக் கனம் கிடையாது. நிஜச் சுவருக்கு உண்டு. தளத்துக்கு விளிம்பு உண்டு. எங்காவது ஒரு விரற்கடை கூடியிருந்தால்? இதே யோசனையில் எனக்குப் பல நாள் தூக்கம் இல்லை.

மழை ஓய்ந்த சாயங்காலம். ஜோதி புது அறையின் கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். "பவுடர் மாதிரி காய்ஞ்சு கெடக்குதுண்ணா." போளூர்த் தங்கைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் தனம் அம்மாவின் மாடி கொள்ளாமல் நிறைந்திருந்தார்கள். தனம் அம்மா மாடிப்படிச் சுவரோரம் அதே நாற்காலியில், மடியில் அகலோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் சந்தில் நின்றேன். எனக்கு அது வசதியான இடம்.

ஆனால் மலை உச்சியில் மேகம்! நேரம் ஆகிவிட்டது. கோவில் பக்கம் வாணவெடி கிளம்பியது. ஊர் முழுக்க "அரோகரா" என்று ஒரே குரல் எழுந்தது. தீபம் ஏற்றியாகிவிட்டது, ஆனால் மேகத்துக்குள் எதுவும் தெரியவில்லை. மற்ற மாடிகளில் அகல்கள் எரியத் தொடங்கின. தனம் அம்மா ஏற்றவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "ஏத்திடேன்க்கா, நேரமாவுது" என்றாள் ஒரு தங்கை. தலையை அசைத்துவிட்டார்கள்.

மேகம் மெல்ல நகர்ந்தது. எல்லோரும் மேற்கே திரும்பி எம்பி எம்பிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் மலையைப் பார்க்கத் தோன்றவில்லை. நான் கிழக்கே திரும்பி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மடியில் இருந்த அகல் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர்கள் என்னைத் தேடிப் பார்த்து, சந்து வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்கள்:

"தெரியுதுப்பா. வா, இந்தப் பக்கம் தாண்டி வா. இங்க உக்காந்து பாரு."

கைப்பிடிச் சுவரைத் தாண்டி அந்த மாடியில் கால் வைத்தேன்.